பைபாஸ் செய்யும்போது கிட்னியை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

அப்பாவுக்கு பைபாஸ், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) கொஞ்சம் கூடுதல், கிட்னி தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆபரேஷனின்போது இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரம் ஓடும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ஆக்சிஜன் குறையலாம், சிவப்பணுக்கள் சிதைந்து வெளிவரும் ஹீமோகுளோபினும் அதைப் பாதிக்கும். அதனால் ரத்த அழுத்தம் ரொம்ப இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள். ஆஞ்சியோவில் ஏற்றும் சாயமும் கிட்னியைப் பாதிக்கலாம் என்பதால், அவசரமில்லையென்றால், அதற்குப் பிறகு ஆபரேஷனைச் சில நாள் தள்ளிவைப்பதும் உண்டு.

வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

டோபமைன் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் கிட்னியைக் காக்கும் என்று முன்பு நம்பினார்கள், பலிக்கவில்லை. அப்புறம் 2024இல், இதய ஆபரேஷன் செய்துகொண்ட 3,511 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது: அமினோ அமிலங்களை (புரதத்தின் அடிப்படைப் பொருட்கள்) நரம்பு வழியாக ஏற்றியவர்களில் 26.9 சதவீதம் பேருக்கும், ஏற்றாதவர்களில் 31.7 சதவீதம் பேருக்கும் திடீர் சிறுநீரகப் பாதிப்பு வந்தது. அப்பாவுக்கு இது பொருந்துமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள்.