சிவப்பா, சாம்பலா?

கேள்வி: ரெட் நாட் என்ற உள்ளான் பறவை ஓவியங்களில் செங்கல் நிற மார்போடு இருக்கிறது, புகைப்படங்கள் பலவற்றில் வெறும் சாம்பல் நிறம். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். ஆர்க்டிக்கில் முட்டையிடும் காலத்தில்தான் அந்தச் சிவப்பு, குளிர்காலத்தில் சாம்பல். அந்தக் கால ஓவியர்களுக்கு அசையாத பறவை தேவைப்பட்டது. அமெரிக்கப் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் சுட்ட பறவைகளைக் கம்பியால் நிறுத்திவைத்து நிஜ அளவிலேயே வரைந்தார். அழகுதான், ஆனால் மனம் கனக்கிறது.

எனக்குப் பிடித்தவை புகைப்படங்களே. சிவப்பைப் பிடிக்க அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவுக்கு மே மாதம் போக வேண்டும், அப்போது குதிரைலாட நண்டின் முட்டைகளைத் தின்று இவை எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு ஆர்க்டிக்குக் கிளம்பும். கூட்டமாகப் பறக்கும் படத்துக்காகத் தயவுசெய்து விரட்டாதீர்கள், சேர்த்த கொழுப்புதான் வீணாகும். தள்ளியே மணலில் படுத்து, பறவையின் கண்மட்டத்தில் லென்ஸை வைத்துக் காத்திருங்கள். அப்புறம், காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்காக மாட்டிய கொடி வளையம் இருந்தால் எழுத்து தெரியும்படி எடுங்கள். 1995-இல் அர்ஜென்டினாவில் முதலில் பிடிக்கப்பட்ட ஒரு பறவை, பின்னர் மாட்டிய கொடியில் இருந்த பி95 என்ற எழுத்தால்தான் ஆண்டுக்கணக்கில் அடையாளம் காணப்பட்டது. அது பறந்த மொத்தத் தூரம் நிலவுக்கான தூரத்தையும் தாண்டும் என்று கணித்திருக்கிறார்கள்.