பிரிகாம் யங் தொகுப்பை வாங்கலாமா?

கேள்வி: சமய ஒப்பாய்வில் முதுகலை படிக்கிறேன். கட்டுரைக்காக, அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தலைவர் பிரிகாம் யங்கின் போதனைத் தொகுப்பை வாங்க நினைக்கிறேன். படித்தவர்களில் ஒருவர் பொக்கிஷம் என்கிறார். இன்னொருவர் வெட்டி ஒட்டிய புத்தகம் என்கிறார். சங்கடமானதை எல்லாம் மறைத்துவிட்டார்கள் என்கிறார் மூன்றாமவர். யாரை நம்புவது?

பதில்: மூவரையும் நம்பலாம். அவர்கள் சண்டை பெரும்பாலும் தொகுத்தவரின் கத்தரிக்கோலைப் பற்றியது.

நீங்கள் சொல்வது 1925-ல் ஜான் விட்ஸோ தொகுத்த 'Discourses of Brigham Young' என்ற புத்தகம் என்று எடுத்துக்கொள்கிறேன். விட்ஸோ நார்வேயில் பிறந்த வேதியியலாளர், மார்மன் சபையின் அப்போஸ்தலர்களில், அதாவது உயர்மட்டத் தலைவர்களில், ஒருவர். யங் 1847-ல் மார்மன் மக்களை யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேற்றியவர். 1877-ல் இறக்கும்வரை ஓயாமல் பிரசங்கம் செய்தவர். அவரும் மற்றத் தலைவர்களும் பேசியதைச் சுருக்கெழுத்தில் குறித்து, 1854 முதல் 1886 வரை இங்கிலாந்தில் 'Journal of Discourses' என்ற பெயரில் 26 தொகுதிகளாக அச்சிட்டார்கள். அதிலிருந்து யங்கின் பேச்சுகளைப் பத்தி பத்தியாக உருவி, தலைப்புவாரியாக அடுக்கியதுதான் இந்தப் புத்தகம்.

சபைக்குள் இருப்பவருக்கு இது ஏன் பொக்கிஷம் என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. யங் மேடையில் மோட்சத்தைப் பற்றி மட்டும் பேசியவர் அல்ல. வாய்க்கால் வெட்டுவது, வேலி போடுவது, பிள்ளைகளைப் படிக்க வைப்பது, கடன் வாங்காமல் இருப்பது என்று எல்லாமே அவருக்குப் பிரசங்கப் பொருள்தான். தினம் ஒரு பக்கம் புரட்டுகிறவருக்கு இந்த அடுக்குமுறை வசதி.

உங்களைப் போன்ற மாணவருக்குத் தொல்லை இங்கேதான் ஆரம்பம். 1857-ல் அமெரிக்க ராணுவம் யூட்டாவை நோக்கிக் கிளம்பிய நேரத்தில் கொதிப்போடு பேசியதும், 1869-ல் ரயில் பாதை வந்தபின் நிதானமாகப் பேசியதும் ஒரே தலைப்பில் அடுத்தடுத்து நிற்கலாம். பத்தியின் முடிவில் தொகுதி எண், பக்க எண் உண்டு, தேதி இராது. அவசரத்தில் படித்தால், முப்பது ஆண்டுகளும் ஒரே கருத்தோடு இருந்த மனிதர் மாதிரித் தெரிவார். அவர் அப்படி இல்லை.

மறைத்தார்கள் என்பதற்கு வருவோம். 1852-ல் ஆதாமைப் பற்றி யங் செய்த பிரசங்கம் பெரிய சர்ச்சையானது. ஆதாமே நம் பிதா, நமக்கு இருக்கும் ஒரே கடவுள் என்ற பொருளில் அது அச்சானது. அந்தக் கோட்பாட்டை 1976-ல் சபையின் தலைவரே நிராகரித்தார். விட்ஸோவின் தொகுப்பில் அதைத் தேடிப் பயனில்லை. இந்தத் தொகுப்பைப் பெரிதும் சார்ந்து 1997-ல் சபை ஒரு பாடநூல் வெளியிட்டது. யங்குக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மனைவியர். அந்தப் பாடநூலின் வாழ்க்கைக் குறிப்போ முதல் மனைவியையும், அவர் இறந்தபின் மணந்தவரையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பக்திப் பாடநூல் என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை. ஆனால் விட்ஸோவை இதே தராசில் நிறுத்த மாட்டேன். அவர் சரித்திரம் எழுத உட்காரவில்லை. எடுத்த இடத்தைப் பத்திக்குப் பத்தி காட்டியும் இருக்கிறார்.

அப்புறம் ஒன்று, விமர்சகர்களும் பலநேரம் கவனிக்காதது. அந்த 26 தொகுதிகளும் வார்த்தைக்கு வார்த்தை யங்கின் பேச்சு அல்ல. மூலச் சுருக்கெழுத்துக் குறிப்புகளை அண்மைக் காலத்தில் படித்து எழுதியபோது, அச்சுக்குப் போகுமுன் நிறையத் திருத்தப்பட்டிருப்பது தெரியவந்தது. ஆகவே வெட்டாத மூலத்துக்குப் போய்விட்டேன் என்று யாராவது மார்தட்டினால், அதிலும் பாதி தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். அந்தத் தொகுதிகளுக்குச் சபையில் வேத அந்தஸ்தும் கிடையாது. பைபிள், மார்மன் புத்தகம் உட்பட நான்கு நூல்களுக்குத்தான் அது உண்டு. 'மார்மன்கள் இப்படி நம்புகிறார்கள்' என்று யங்கின் ஒரு வரியை வைத்து எழுதிவிடாதீர்கள். 'யங் இன்ன ஆண்டில் இப்படிப் பேசியதாக அச்சாகியிருக்கிறது' என்பதே பாதுகாப்பு.

சரி, வாங்கலாமா? கட்டுரைக்கு மட்டும்தான் என்றால் வேண்டாம். 26 தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நூலகத்தில் விட்ஸோ இருந்தால் அதைப் பொருளடைவு போல வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய தலைப்பில் பத்தியைப் பிடித்து, அதன் எண்ணை வைத்து மூலத் தொகுதியில் முழுப் பிரசங்கத்தையும் படியுங்கள். தேதி அங்கே தலைப்பிலேயே இருக்கும். அடிக்குறிப்பில் அதைத் தவறாமல் கொடுங்கள்.