டே டிரேடிங்குக்கு எத்தனை மானிட்டர் வேண்டும்?

கேள்வி: அண்மையில் வீட்டிலிருந்தே டே டிரேடிங் (பங்குகளை ஒரே நாளில் வாங்கி விற்பது) செய்யத் தொடங்கியிருக்கிறேன். 15.6 அங்குல விண்டோஸ் லேப்டாப்பில் சார்ட்டைப் பெரிதாக வைத்தால் ஆர்டர் விண்டோ மறைந்துவிடுகிறது. ஒரே எச்.டி.எம்.ஐ. போர்ட் இருப்பதால் ஸ்ப்ளிட்டர் வாங்கி, இரண்டு 24 அங்குல மானிட்டர்களை இணைத்தேன். இரண்டிலும் ஒரே படம்தான் தெரிகிறது. பெரிய டிரேடர்களின் மேஜையில் ஆறு திரைகள் இருப்பதைப் படங்களில் பார்க்கிறேன். என் மேஜை 120 செ.மீ. அகலமும் 60 செ.மீ. ஆழமும் கொண்டது. ஆறு திரைகள் அமைக்க எந்த கிராபிக்ஸ் கார்டு, எந்த ஸ்டாண்ட் வாங்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மானிட்டர்களிலும் பழுதில்லை, லேப்டாப்பிலும் பழுதில்லை. ஸ்ப்ளிட்டர் என்பது ஒரு போர்ட்டிலிருந்து வரும் ஒரே சிக்னலை அப்படியே இரண்டு கேபிள்களில் அனுப்பும் கருவி. அதில் எத்தனை மானிட்டர்களை இணைத்தாலும் கம்ப்யூட்டரின் கணக்கில் அவை ஒரே திரைதான். தனித்தனியாக இயங்க வேண்டுமானால் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி சிக்னல் போக வேண்டும். ஒன்றை எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் நேரடியாகவும், மற்றொன்றை யூ.எஸ்.பி-சி போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் அடாப்டர் வழியாகவும் இணைப்பதே எளிய வழி. ஆனால் எல்லா யூ.எஸ்.பி-சி போர்ட்டும் வீடியோவைத் தருவதில்லை. சில போர்ட்டுகள் சார்ஜ் ஏற்றவும் ஃபைல்களை மாற்றவும் மட்டுமே பயன்படும். எனவே, அடாப்டர் வாங்குவதற்கு முன் உங்கள் லேப்டாப் மாடலின் விவரக் குறிப்பில் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு’ அல்லது ‘தண்டர்போல்ட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், டிஸ்ப்ளேலிங்க் சிப் கொண்ட யூ.எஸ்.பி. அடாப்டர் சாதாரண யூ.எஸ்.பி. போர்ட்டிலும் வேலை செய்யும். அதற்குத் தனி டிரைவர் நிறுவ வேண்டும். படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையை பிராசசர் ஏற்பதால், கம்ப்யூட்டருக்கு வேலை கூடும் நேரத்தில் அந்தத் திரை சற்றுப் பின்தங்கக்கூடும். வாட்ச்லிஸ்ட் (நீங்கள் கவனிக்கும் பங்குகளின் பட்டியல்), செய்தி ஆகியவற்றைக் காட்ட அது போதுமானது. ஆர்டர் போடும் திரையை அதில் வைக்க வேண்டாம். இணைத்த பிறகு விண்டோஸ் கீயுடன் ‘பி’ எழுத்தை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் திரைகளை மேஜையில் இருக்கும் அதே வரிசையில் அடுக்கிவிடுங்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். உங்களிடம் இருக்கும் இரண்டு மானிட்டர்களும் லேப்டாப்பின் திரையும் போதும் என்பதே என் உறுதியான கருத்து. சார்ட்டும் ஆர்டர் விண்டோவும் ஒன்றையொன்று மறைக்கின்றன என்பதுதான் நீங்கள் சொன்ன குறை. அது இரண்டாவது திரையிலேயே தீர்ந்துவிடுகிறது. படங்களில் நீங்கள் காணும் ஆறு திரை மேஜைகளில் பல, நாணயம், கடன் பத்திரம், பங்கு எனப் பல சந்தைகளை ஒரே நேரத்தில் கவனிப்பதையே முழுநேரப் பொறுப்பாகக் கொண்டவர்களுக்காக அமைந்தவை. ஒன்றிரண்டு பங்குகளில் மட்டும் வணிகம் செய்யும் ஒருவர், மூன்றாவது திரைக்கு மேல் வாங்க நினைக்கும்போது, ‘இந்தத் திரையில் தெரிவதைக் கொண்டு நான் எந்த முடிவை எடுப்பேன்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு விடை இல்லையென்றால், அந்தத் திரை புதிய ஆர்டர் போடும் ஆசையைத்தான் தூண்டும். அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றில் 1991 முதல் 1996 வரை கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் பங்கு வணிகத்தைப் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் உயர்ந்த அந்தக் காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம் மட்டுமே. அந்த ஆய்வு திரைகளைப் பற்றியது அன்று. ஆனாலும் கண்ணில் படும் வாய்ப்புகள் கூடக்கூட ஆர்டர்களும் கூடுகின்றன என்பதால், உங்கள் கேள்வியோடு இதை நெருங்கிய தொடர்புடையதாகவே கருதுகிறேன்.

திரைகளின் எண்ணிக்கையைவிட, எந்தத் திரையில் எது இருக்க வேண்டும் என்பதில்தான் கூடுதல் கவனம் தேவை. பலர் இரண்டு மானிட்டர்களைச் சமமாக இருபுறமும் வைத்து, அவை சேரும் விளிம்புக்கு நேரே உட்காருகிறார்கள்; நாள் முழுவதும் கழுத்து ஏதாவது ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். ஒரு மானிட்டரை உங்களுக்கு நேர் எதிரே வையுங்கள். வணிகம் செய்யும் பங்கின் சார்ட்டும், ஆர்டர் விண்டோவும், அப்போது கையில் இருக்கும் பொசிஷன்களும் (இன்னும் முடிக்காத வணிகங்களும்) அதிலேயே இருக்கட்டும். இரண்டாவதைப் பக்கவாட்டில் சற்றே உங்களை நோக்கித் திருப்பி, வாட்ச்லிஸ்ட்டையும் குறியீட்டெண்ணின் சார்ட்டையும் அதில் வையுங்கள். மின்னஞ்சலும் செய்தியும் லேப்டாப் திரைக்குப் போகட்டும். மார்க்கெட் டெப்த் (காத்திருக்கும் ஆர்டர்கள்), டைம் அண்ட் சேல்ஸ் (நடந்து முடிந்த வணிகங்கள்) போன்ற நீண்ட பட்டியல்களை அதிகம் பார்ப்பவராக இருந்தால் பக்கவாட்டு மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பலாம், அது ஐ.பி.எஸ். பேனலாக இருப்பது நல்லது, ஏனெனில் டி.என். பேனலைத் திருப்பி வைத்தால் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நிறம் மாறித் தெரியும்.

பல திரைகளால் வரும் ஓர் ஆபத்தைப் பற்றி எவரும் போதுமான அளவு பேசுவதில்லை. கண் பார்க்கும் திரை ஒன்று, கீபோர்டு வேலை செய்யும் திரை வேறொன்று என்ற நிலை மிக எளிதாக வந்துவிடும். கடைசியாக எந்த விண்டோவில் க்ளிக் செய்தீர்களோ, அங்கேதான் நீங்கள் தட்டுவது போய்ச் சேரும். எதிரே உள்ள சார்ட்டைப் பார்த்தபடி ஆர்டரை உடனே அனுப்பும் ஹாட்கீயை அழுத்துவீர்கள். பக்கத்துத் திரையில் திறந்திருக்கும் வேறொரு பங்குக்கு ஆர்டர் போய்விடும். இதே வகையில், சார்ட்டில் ஒரு பங்கும் ஆர்டர் விண்டோவில் இன்னொரு பங்கும் இருப்பதைக் கவனிக்காமல் வாங்கிவிடுவதும் நடக்கிறது. டிரேடிங் மென்பொருள்கள் பலவற்றில், விண்டோக்களை ஒரே நிறக் குழுவில் இணைத்து, ஒன்றில் பங்கை மாற்றினால் மற்றதிலும் மாறும்படி செய்யும் வசதி உண்டு; எதிரே உள்ள திரையின் சார்ட்டையும் ஆர்டர் விண்டோவையும் கட்டாயம் அப்படி இணைத்துவிடுங்கள். ஆர்டர் விண்டோ ஒன்றே ஒன்று மட்டும் திறந்திருக்கட்டும். புதிய அமைப்பு கைக்குப் பழகும் வரை ஹாட்கீயையும் ஒரே க்ளிக்கில் ஆர்டர் போகும் வசதியையும் அணைத்து வைத்து, உறுதி கேட்கும் பெட்டி ஒவ்வொரு முறையும் வருமாறு செய்யுங்கள். விண்டோஸின் பர்சனலைசேஷன் பகுதியில், இயங்கும் விண்டோவின் தலைப்புப் பட்டையை வண்ணத்தில் காட்டும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால், எந்த விண்டோ உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கிறது என்பது ஓரக் கண்ணிலேயே தெரியும்.

உங்கள் மேஜையின் அகலம் சரியாகவே இருக்கிறது. 24 அங்குல மானிட்டர் ஏறத்தாழ 54 செ.மீ. அகலம் இருக்கும்; இரண்டும் அடங்கும், மூன்று அடங்காது. ஆழம்தான் குறைவு. மானிட்டரோடு வரும் ஸ்டாண்ட் மேஜையில் ஏறக்குறைய 20 செ.மீ. பிடித்துக்கொண்டு திரையை முகத்துக்கு அருகே தள்ளிவிடும். கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஒரு கை நீளம், அதாவது 50 முதல் 70 செ.மீ. வரை இடைவெளி வேண்டும். மேஜையின் பின்விளிம்பில் பொருத்தும் கிளாம்ப் வகை ஆர்ம் வாங்கினால் அந்த இடம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். லேப்டாப்பை மானிட்டருக்குக் கீழே வைக்கவும் முடியும். வாங்குவதற்கு முன் மானிட்டரின் பின்புறம் நான்கு திருகுத் துளைகள் 75 அல்லது 100 மி.மீ. சதுரத்தில் இருக்கின்றனவா என்றும், மானிட்டரின் எடையை ஆர்ம் தாங்குமா என்றும் பாருங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுத் தாழ்வாகவோ இருக்கட்டும். ஜன்னல், மானிட்டருக்குப் பின்னாலோ உங்கள் முதுகுக்குப் பின்னாலோ வராமல் பக்கவாட்டில் அமையட்டும்.

கிராபிக்ஸ் கார்டு இப்போது தேவையில்லை. பிற்காலத்தில் டெஸ்க்டாப் வாங்கினால், நான்கு போர்ட் உள்ள சாதாரண கார்டு நான்கு மானிட்டர்களை இயக்கிவிடும். சார்ட் வரைவது கேம் ஓட்டுவது போன்ற கடினமான வேலை அன்று. 60 ஹெர்ட்ஸ் போதும். அந்தப் பணத்தை 16 ஜி.பி. ராமுக்குச் செலவிடுங்கள், ஏனெனில் பிரவுசரில் சார்ட்டுகளைத் திறந்து வைப்பவர்களுக்கு முதலில் தீர்ந்துபோவது அதுதான். 43 அங்குல 4கே திரை ஒன்றில், இடையே விளிம்பு இல்லாத நான்கு 21.5 அங்குல ஃபுல் எச்.டி. திரைகளின் இடம் கிடைக்கிறது என்பதையும் அப்போது நினைவில் கொள்ளுங்கள். அதற்கு 60 செ.மீ. மேஜை போதாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: மூன்றாவது மானிட்டருக்கு முன்னால் யூ.பி.எஸ். வாங்குங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. ஆனால் மின்சாரம் போனால் ரவுட்டரும் மானிட்டர்களும் அணைந்துவிடும். 24 அங்குல மானிட்டர் ஒன்றுக்கு 20 முதல் 25 வாட் வரைதான் செலவாகும் என்பதால் 600 வி.ஏ. யூ.பி.எஸ். இவை அனைத்தையும் தாங்கும். மின்சாரம் இல்லாத மானிட்டரையும் விண்டோஸ் சில வேளைகளில் இணைப்பில் இருப்பதாகவே கருதுவதால், ஆர்டர் விண்டோ இருண்ட திரையிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். அப்போது விண்டோஸ் கீயும் ‘பி’யும் அழுத்தி, கம்ப்யூட்டர் திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் லேப்டாப்புக்கு வந்துவிடும். விலை எதிராகப் போனால் பொசிஷனை முடிக்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் தரகரின் அல்லது சந்தையின் சர்வரில் பதிவாகிறதா, உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து இயங்குகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில மென்பொருள்களின் டிரெய்லிங் ஸ்டாப் (விலையோடு சேர்ந்து நகரும் ஸ்டாப் லாஸ்), கம்ப்யூட்டர் அணைந்ததும் நின்றுவிடும். சந்தை மூடியிருக்கும் ஒரு நாளில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து பொசிஷன் பக்கம் வரை போய்ப் பாருங்கள். தொலைபேசியில் ஆர்டர் ஏற்கும் தரகரின் டீலிங் டெஸ்க் எண்ணையும் உங்கள் கணக்கு எண்ணையும் காகிதத்தில் எழுதி மேஜையருகே ஒட்டி வையுங்கள்.