தரைத்தளத்தில் சிறு தொழில் நடத்துபவர் வெள்ளத்துக்கு எப்படித் தயாராக வேண்டும்?

தரைத்தளத்தில் சிறு தொழில் நடத்துவதாகவும், வெள்ளம் போன்ற பேரிடர் வருமுன் எதைச் செய்து வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் அச்சகத்துக்குள் ஒரு முறை இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. அந்த அனுபவத்திலிருந்தும், அதன் பிறகு தேடிப் படித்ததிலிருந்தும் சொல்கிறேன்.

எச்சரிக்கை வந்த அன்று நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, காகிதக் கட்டுகள் அனைத்தையும் பரணில் ஏற்றினோம். ஒரு ரீம்கூட நனையவில்லை. ஆனால், மாடிப்படியின் கீழே முழங்கால் உயரத்தில் இருந்த மின்சார மெயின் போர்டு யார் நினைவுக்கும் வரவில்லை. தண்ணீர் வடிந்த பின் அதைத் திறந்தபோது, சந்துகளிலெல்லாம் சேறு அப்பியிருந்தது. செம்புக் கம்பிகளின் முனைகளில் பச்சை பூத்திருந்தது. அதை முழுவதும் மாற்றி முடிக்கும் வரை, காய்ந்த காகிதத்தைப் பரணில் வைத்துக்கொண்டு, வேலை கேட்டு வந்தவர்களை நாள்தோறும் திருப்பி அனுப்பினோம்.

ஆகவே, விலை உயர்ந்தது எது என்பதைவிட, எது நின்றால் மற்ற எல்லாம் நிற்கும், அது எவ்வளவு தாழ்வில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அளவு நாடாவோடு ஒரு முறை சுற்றி வந்து, இடுப்பு உயரத்துக்குக் கீழே உள்ள மின் இணைப்பு, பேட்டரி, மோட்டார், இணையக் கருவி ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, மன்ஹாட்டனில் ஒரு தரவு மையத்தின் (பல நிறுவனங்களின் சர்வர் கணினிகளை வைத்து ஓட்டும் கட்டடம்) ஜெனரேட்டர் 17-ஆம் மாடியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதற்கு டீசல் ஏற்றும் அமைப்பு தரைக்குக் கீழே உள்ள தளத்தில் மூழ்கிவிட்டது. ஆட்கள் வாளிவாளியாக டீசலைப் படி வழியே சுமந்து சென்றுதான் அதை ஓட வைத்தார்கள்.

வாசலில் மணல் மூட்டை அடுக்கினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால், வெளியே நீர்மட்டம் உயரும்போது கழிவுநீர்க் குழாய் வழியாக, கழிப்பறையிலிருந்தே தண்ணீர் பொங்கி உள்ளே வரக்கூடும். அதைத் தடுக்கும் ஒருவழி வால்வைக் குழாயில் முன்பே பொருத்தியிருக்க வேண்டும். அதே சமயம், சாதாரணச் சுவருக்கு வெளியே சுமார் 3 அடிக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது அதை முழுவதும் அடைத்துத் தடுக்க முயன்றால், நீரின் அழுத்தத்தில் சுவரே இடிந்து விழக்கூடும்.

கணக்குகளையும் வாடிக்கையாளர் கோப்புகளையும் மூன்று நகல்களாக, இரு வேறு வகைச் சேமிப்புக் கருவிகளில், ஒன்றையாவது வேறு இடத்தில் வைப்பது பழகிய விதி. எங்கள் பேக்கப் ஹார்ட் டிஸ்க், கணினி இருந்த அதே மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது; இரண்டும் சேர்ந்தே நனைந்தன. நகல் பெரிய நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது என்பதாலும் நிம்மதியடைய முடியாது: 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் என்ற சர்வர் வாடகை நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். நகலிலிருந்து கோப்புகளைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று சில மாதங்களுக்கு ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தை, வெயில் அடிக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். தீக்கு உள்ள காப்பீடு வெள்ளத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. சரக்கின் உண்மையான மதிப்பில் பாதிக்கு மட்டும் காப்பீடு எடுத்திருந்தால், பல பத்திரங்களின் விதிப்படி இழப்பிலும் பாதிதான் கிடைக்கும். தொழில் நின்ற நாட்களின் வருமான இழப்பு பெரும்பாலும் தனிப்பிரிவு. அதைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். சரக்கு, இயந்திரங்கள், அவற்றின் வரிசை எண்கள் ஆகியவற்றைப் படமெடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

ஊழியர்களின் தொலைபேசி எண்களைத் தாளிலும் எழுதி, மின்சாரத்தை அணைப்பது யார், எல்லோரும் வெளியேறலாம் என்று முடிவெடுப்பது யார் என்பதைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். சரக்கைக் காக்க யாரையும் இருக்கச் சொல்லாதீர்கள். வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் தண்ணீரே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். இதை நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

தண்ணீர் வடிந்ததும் எந்த இயந்திரத்தையும் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். மின் பணியாளர் பார்த்துச் சொல்லும் வரை சுவிட்சைத் தொட வேண்டாம். ஜெனரேட்டரைக் கட்டடத்துக்கு உள்ளே வைத்து ஓட்டக் கூடாது, அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும். நனைந்த பொருள்களில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால் உலர்த்தும் வேலையை உடனே தொடங்க வேண்டும். ஆனால் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தை, அருகில் அளவு நாடாவைப் பிடித்துப் படமெடுத்த பிறகே கழுவுங்கள்.