உலோக நுரை என்றால் என்ன? அதை எப்படி வார்க்கிறார்கள்?

புதுச்சேரி, கடலூர் பக்கத்து வார்ப்புப் பட்டறைகளில் காற்றுக் குமிழி விழுந்த உருப்படியை ஒதுக்கிவிடுவார்கள். அப்படியிருக்க, வேண்டுமென்றே குமிழி விட்டு வார்ப்பார்களா என்பதுதான் கேள்வி. வார்ப்பார்கள். உள்ளே முழுக்கச் சின்னச் சின்ன அறைகளாக, பெரும்பகுதி வாயுவாகவே இருக்கும் உலோகம்தான் உலோக நுரை.

அதிகம் செய்யப்படுவது அலுமினியத்தில். உருகிய அலுமினியம் ரொம்ப நீர்த்தது. அதில் வாயு விட்டால் குமிழி மேலே வந்து உடைந்துவிடும். அதனால் முதலில் சுமார் 1.5 சதவீதம் கால்சியம் சேர்த்து, காற்றுப்படக் கிளறிக் கெட்டியாக்குகிறார்கள். ஆப்ப மாவை நினைத்துப் பாருங்கள்: தண்ணீராகிப்போன மாவில் குமிழி தங்காது, பதமான மாவில்தான் தங்கும். அப்புறம் டைட்டானியம் ஹைட்ரைடு தூளைப் போட்டு வேகமாகக் கலக்குகிறார்கள். ஏறக்குறைய 680 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது பிரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். உலோகம் உப்பி அச்சை நிறைக்கும். உண்மையான சிரமம் இங்கேதான். குளிரவைக்கத் தாமதமானால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும், உலோகம் அடியில் வடிந்து தங்கிவிடும்.

திட அலுமினியம் கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், நுரை பெரும்பாலும் 0.2 முதல் 0.5 கிராம்தான். புதுச்சேரிக் கடலில் போட்டால் மிதக்கும். மோதும்போது அறைகள் நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதால் வாகனப் பாகங்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

நுரையானதும் உலோகத்தின் வலிமை கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஒரே அளவுத் துண்டுகளை ஒப்பிட்டால் திட உலோகமே வலிமையானது, ஒரே எடையில் வளையாமல் நிற்பதில்தான் நுரை முந்துகிறது.