நிலக்கரி ஊர்களின் மலைப்பாதையில் வண்டி ஓட்ட அனுமதிச்சீட்டு எதற்கு?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹாட்ஃபீல்டு-மெக்காய் பாதைகள் காட்டுக்குள்தானே செல்கின்றன, அங்கே ஏடிவி (கரடுமுரடான தடங்களில் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஓட்டக் கட்டணம் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காடு பொதுச்சொத்து அன்று. பெரும்பகுதி நிலக்கரி, மர நிறுவனங்கள் போன்ற தனியாருக்கு உரியது என்பதால், மாநிலச் சட்டத்தின்படி அமைந்த ஆணையம் ஒன்று அவர்களின் இசைவைப் பெற்றுப் பாதைகளைப் பராமரிக்கிறது, அதற்கான செலவில் ஒரு பங்கு இந்தச் சீட்டிலிருந்து வருகிறது. பழைய சுரங்கச் சாலைகளும் மரம் இழுத்த தடங்களுமே பல இடங்களில் இன்றைய பாதைகள். மழை பெய்த மறுநாள் சக்கரத்தில் பாதி சேற்றில் புதையும். தலைக்கவசம் கட்டாயம், மது கூடாது, ஒருவருக்கான வண்டியில் பின்னால் இன்னொருவரை ஏற்றவும் கூடாது. 1920இல் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூடு நடந்த மேட்வான் ஊருக்குள், சேறு அப்பிய வண்டியோடு நேராகக் கடைத்தெருவுக்கே வந்து சாப்பிடலாம். நம் ஊர்ச் சுற்றுலாத் தலங்களில் இதை நினைத்துப் பார்ப்பதே கடினம்.