சத்தம் கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை!

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. காது மெஷின் போட்டு மூன்று மாதம் ஆகிறது. ‘சத்தம் நல்லாக் கேட்குது, என்ன பேசுறீங்கன்னுதான் புரியல’ என்கிறார். உரக்கப் பேசினால் ‘ஏன் கத்துற?’ என்று கோபம் வேறு. கோளாறு மெஷினிலா, அவரிடமா?

பதில்: அவர் வீம்புக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறார். வயதானால் பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போவது கீச்சென்று ஒலிக்கும் உயர் அதிர்வெண்கள், ஏறக்குறைய 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவை. பேச்சின் பலமெல்லாம் உயிரெழுத்துகளிடம், அவை கீழேயே இருப்பதால் அப்பாவுக்குத் தாராளமாக விழும். ஆனால் இது இன்ன சொல் என்று காட்டிக்கொடுக்கிற ச, த, ட போன்றவற்றின் அடையாளம் பெரும்பாலும் மேலே இருக்கிறது, அதுவும் மெலிதாக. ‘கத்தி’, ‘கட்டி’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். நடுவில் கண்ணிமைக்கும் நேரம் வந்துபோகும் ஒலி ஒன்றுதான் வேறு. அது விழாவிட்டால் மிச்சம் ஊகம்தான்.

கோபத்துக்கும் காரணம் உண்டு. உட்காதில் சுமார் 12,000 வெளி மயிர்ச்செல்கள் இருக்கின்றன, மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது அவற்றின் வேலை. அவை செத்துவிட்டால் மெல்லிய ஒலி விழாது, பெரிய சத்தத்துக்கோ அவற்றின் உதவி முன்பும் அவ்வளவாகத் தேவைப்படவில்லை, அதனால் அது பழையபடியே காதில் அறைகிறது. கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் நடுவே இருந்த இடம் குறுகிப்போகிறது. இதனால்தான் இப்போதைய மெஷின்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கூட்டாமல், ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, மெல்லியதை நிறையத் தூக்கிவிட்டு, பெரியதைக் கிட்டத்தட்ட அப்படியே விடுகின்றன. இதற்குக் கம்ப்ரெஷன் என்று பெயர். எந்தப் பட்டைக்கு எவ்வளவு என்று ஆடியோகிராமை (எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) பார்த்து ஆடியாலஜிஸ்ட் (கேள்திறன் நிபுணர்) அமைப்பார். அப்புறம், மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி போய்ச் சேர்கிறது என்று அளக்கிற சோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: நாலு பேர் கூடிப் பேசினால் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். இரைச்சலை நீக்கும் வசதியுள்ள விலை கூடிய மெஷின் வாங்கினால் தீருமா?

பதில்: பாதி தீரும். ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீராக வருவதை மெஷின் எளிதாக அடையாளம் காணும், ஏனென்றால் பேச்சு நொடிக்குப் பலமுறை ஏறி இறங்கும், ஃபேன் அப்படி இல்லை. ஆனால் அந்தப் பட்டையைக் குறைக்கும்போது அதிலிருக்கும் பேச்சும் சேர்ந்து குறைகிறது. காதுக்கு அலுப்பு குறையும், புரிவது பெரிதாகக் கூடாது. உங்கள் சிக்கலில் இரைச்சலே பேச்சுதான், அது இன்னும் கஷ்டம். திசை மைக் இங்கே கொஞ்சம் கைகொடுக்கும்: இரண்டு மைக்குகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துப் பின்னாலிருந்து வருவதைக் கழித்துவிடும். பேசுகிறவர் எதிரே, கிட்டத்தில் இருக்க வேண்டும், எதிரொலிக்கும் அறையென்றால் பலன் பாதிதான். புதிதாக வந்திருக்கும் நரம்பு வலையமைப்பு (செயற்கை நுண்ணறிவில் ஒரு வகை) மெஷின்கள் பேச்சையும் இரைச்சலையும் நிஜமாகவே பிரிக்கின்றன, அதுவும் சுமார் 10 மில்லிசெகண்டுக்குள் (தாமதமானால் உங்கள் குரலே உங்களுக்கு எதிரொலி போலக் கேட்கும்). ஆனால் நாலு பேரில் யார் பேச்சை நீங்கள் கேட்க ஆசைப்படுகிறீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

என்னைக் கேட்டால், மெஷினோடு இணையும் சின்ன மைக்கைப் பேசுகிறவர் சட்டையில் மாட்டிவிடுவதுதான் இதையெல்லாம் விட மேல். திறந்த வெளியில் தூரம் பாதியானாலே பேச்சு 6 டெசிபல் கூடிவிடுகிறது, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதைக் கொடுக்கச் சிலர் கூச்சப்படுகிறார்கள், கூச்சப்பட்டுக்கொண்டு தலையாட்டி மட்டும் சிரிப்பதற்கு இது தேவலாம்.

கேள்வி: டிவியில் பின்னணி இசை வசனத்தை விழுங்கிவிடுகிறதே?

பதில்: ஒலி அமைப்பில் ‘டயலாக்’ அல்லது ‘குரல் தெளிவு’ என்று ஏதாவது இருந்தால் போடுங்கள், ‘பேஸ்’ஸை (கனத்த தாழ்ந்த ஒலியை) குறையுங்கள். 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கரும், கனத்த ஒலிக்கென்று ஒன்றும்) என்றால் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும், அதை மட்டும் கூட்டலாம். சப்டைட்டில் இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.